பிளாக் ஃபிளாகின் ‘மை வார்’: மெதுவாகப் போன ஹார்ட்கோர்

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: “அமெரிக்க பங்க் பேண்டான பிளாக் ஃபிளாகின் ‘மை வார்’ ஆல்பத்தைப் பெரிய திருப்புமுனை என்கிறார்கள். இசைத்தட்டின் முதல் பக்கம் பிடித்திருந்தது. இரண்டாம் பக்கத்தில் மூன்றே பாட்டு, மூன்றும் ஆமை வேகம். இது ஹார்ட்கோரா (பங்கின் வேகமான, முரட்டு வடிவம்), மெட்டலா? எங்கள் பேண்டில் இதே மாதிரி மெதுவாக வாசித்துப் பார்த்தோம், சவசவ என்று இருக்கிறது. எங்கே தப்பு?” இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று வரலாறு, மற்றொன்று கைவேலை. ஆனால் இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் கிடக்கிறது. அந்த இரண்டாம் பக்கம் ‘வேகம் குறைந்த ஹார்ட்கோர்’ அல்ல. வேகமாக வாசிக்கும்போது கொடுக்கும் அழுத்தம் முழுவதையும் வைத்துக்கொண்டு, வேகத்தை மட்டும் கழற்றிப் போட்டது. உங்கள் பேண்ட் அநேகமாக வேகத்தோடு சேர்த்து அழுத்தத்தையும் கழற்றியிருக்கும்.

1984இல் இது ஏன் அதிர்ச்சியாக இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள, அப்போது ஹார்ட்கோர் என்றால் என்ன என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். பிளாக் ஃபிளாகின் முதல் பாடகர் கீத் மோரிஸ், வெளியேறிய பிறகு தொடங்கிய சர்க்கிள் ஜெர்க்ஸ் 1980இல் போட்ட ‘குரூப் செக்ஸ்’ ஆல்பத்தில் 14 பாட்டுகள். மொத்தமே சுமார் 15 நிமிடம். வாஷிங்டன் டி.சி.யின் மைனர் த்ரெட் 1981இல் வெளியிட்ட முதல் ஈ.பி.யில் (ஆல்பத்தைவிடச் சிறிய தட்டு) 8 பாட்டுகள், 9 நிமிடத்துக்குச் சற்று அதிகம். இந்தக் கணக்கே ஒரு கொள்கையாக ஆகிவிட்டிருந்தது. பாட்டு சின்னது, வேகம் அதிகம், சோலோ (தனி வாசிப்பு) கிடையாது, தலைமுடி கட்டை. எழுபதுகளின் ராக் இசையில் நீண்டு போன எல்லாவற்றுக்கும் எதிர்ப்பாகத்தான் இந்த இசை பிறந்தது என்பதால், நீளமும் மெதுவும் எதிரியின் அடையாளங்கள். ‘மை வார்’ இரண்டாம் பக்கத்தில் ‘நத்திங் லெஃப்ட் இன்சைட்’ 6 நிமிடம் 44 செகண்ட், ‘த்ரீ நைட்ஸ்’ 6:03, ‘ஸ்க்ரீம்’ 6:52. மைனர் த்ரெட்டின் முழு ஈ.பி. முடிகிற நேரத்தில் இங்கே ஒன்றரைப் பாட்டுகூடத் தாண்டாது.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த அடியைக் கொடுத்தது வெளியாள் அல்ல. கலிஃபோர்னியாவின் ஹெர்மோசா பீச்சில் 1976இல் ‘பேனிக்’ என்ற பெயரில் தொடங்கி, பிறகு பெயர் மாற்றிக்கொண்ட இந்த பேண்ட்தான் ஹார்ட்கோரின் விதிகளைப் பாதி எழுதியது. 1981 ‘டேமேஜ்ட்’ ஆல்பம் அந்த விதிப்புத்தகம் மாதிரி. 15 பாட்டு, சுமார் 35 நிமிடம். ஆனால் அந்த ஆல்பத்தைக் கடைசி வரை கேட்டவர்களுக்கு ஒரு குறிப்பு கிடைத்திருக்கும். கடைசிப் பாட்டான ‘டேமேஜ்ட் 1’ மெதுவாக நடக்கிறது, அதன்மேல் பாடகர் ஹென்றி ராலின்ஸ் பாடுவதாக இல்லாமல் வெடித்துக் கொட்டுகிறார். இரண்டாம் பக்கத்தின் விதை அங்கேயே விழுந்துவிட்டது. ‘திடீரென்று மாறிவிட்டார்கள்’ என்று சொல்பவர்கள் இந்தப் பாட்டை விட்டுவிடுகிறார்கள்.

திடீர் மாற்றம் போலத் தோன்றியதற்கு இன்னொரு காரணம், வழக்கு. ‘டேமேஜ்ட்’ ஆல்பத்தை யூனிகார்ன் ரெக்கார்ட்ஸ் வழியாக எம்.சி.ஏ. விநியோகிப்பதாக ஏற்பாடு. எம்.சி.ஏ. அதிகாரி ஒருவர் கேட்டுவிட்டு, இது பெற்றோருக்கு எதிரான ரெக்கார்டு என்று சொல்லிக் கைகழுவினார். பேண்ட்காரர்கள் அந்த வாசகத்தையே ஸ்டிக்கராக அடித்து உறைமேல் ஒட்டினார்கள். அதன் பிறகு யூனிகார்னோடு பணத் தகராறு முற்றி, பிளாக் ஃபிளாக் என்ற பெயரில் எதுவும் வெளியிடக் கூடாது என்று கோர்ட் தடை வந்தது. 1982இல் ‘எவ்ரிதிங் வென்ட் பிளாக்’ என்ற பழைய பதிவுகளின் தொகுப்பைப் பேண்ட் பெயர் இல்லாமல், வாசித்தவர்களின் பெயரை மட்டும் போட்டு வெளியிட்டார்கள். கோர்ட் அந்தத் தந்திரத்தை ரசிக்கவில்லை. கிட்டாரிஸ்ட் கிரெக் கின், பேஸ் வாசித்த சக் டுகவ்ஸ்கி இருவரும் கோர்ட் அவமதிப்புக்காக ஐந்து நாள் ஜெயிலில் இருந்தார்கள். 1983இல் யூனிகார்ன் திவாலான பிறகுதான் கட்டு அவிழ்ந்தது. ஆக, ‘டேமேஜ்ட்’டுக்கும் ‘மை வார்’க்கும் நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல் புதிய ஸ்டூடியோ ஆல்பம் எதுவும் கடைக்கு வரவில்லை. பேண்ட் அதற்குள் ஒத்திகையில் வெகுதூரம் போய்விட்டது. கேட்பவர்கள் மட்டும் 1981இலேயே நின்றுகொண்டிருந்தார்கள். 1984இல் ஒரே வருடத்தில் ‘மை வார்’, ‘ஃபேமிலி மேன்’, ‘ஸ்லிப் இட் இன்’ என்று மூன்று ஸ்டூடியோ ஆல்பங்களும் ஒரு மேடைப் பதிவும் வந்தது இந்த அடைப்பு உடைந்ததால்தான்.

பதிவு நடந்தது 1983 டிசம்பரில், ரீடோண்டோ பீச்சின் டோட்டல் ஆக்சஸ் ஸ்டூடியோவில். 1984 மார்ச்சில் கின்னின் சொந்த லேபிளான எஸ்.எஸ்.டி.யில் வெளியானது. தயாரிப்பு கின், டிரம்மர் பில் ஸ்டீவன்சன், பிறகு எஸ்.எஸ்.டி.யின் ஆஸ்தான ஒலிப்பதிவாளர் ஸ்பாட். உறை ஓவியம் வழக்கம்போல ரேமண்ட் பெட்டிபான், கின்னின் தம்பி. ஆல்பத்தில் பேஸ் வாசித்தவராக ‘டேல் நிக்சன்’ என்று ஒரு பெயர் இருக்கும். அப்படி ஒரு ஆள் கிடையாது, அதுவும் கின்தான். டுகவ்ஸ்கி பேண்டிலிருந்து விலக வேண்டியதாகி, கீரா ரோஸ்லர் வந்து சேர்வதற்கு முந்தைய இடைவெளியில் நடந்த பதிவு இது. வேடிக்கை என்னவென்றால், ஆல்பத்தின் தலைப்புப் பாட்டையும் ‘ஐ லவ் யூ’வையும் எழுதியது அந்த டுகவ்ஸ்கிதான். டேல் நிக்சன் பெயர் பிற்பாடு ஒரு உள்வட்ட ஜோக்காக நிலைத்துவிட்டது. மெல்வின்ஸ் பேண்டின் பஸ் ஆஸ்போர்ன் 1992இல் ‘கிங் பஸ்ஸோ’ ஈ.பி. போட்டபோது, நிர்வாணா டிரம்மர் டேவ் குரோல் அதில் இந்தப் பெயருக்குள் ஒளிந்துகொண்டு வாசித்தார்.

ஒரே ஆள் கிட்டாரும் பேஸும் வாசித்தது காதுக்குத் தெரிகிறதா என்றால், தெரிகிறது. நல்ல பேஸிஸ்ட் டிரம்மரோடு ஒரே அறையில் நின்று, கிக் டிரம்மின் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) அடியைக் கண்ணால் பார்த்து வாசிப்பார். இங்கே பேஸ் கிட்டாரின் நிழலாகப் போகிறது. இரண்டும் ஒரே கையின் பழக்கம் என்பதால் ஒன்றை ஒன்று தள்ளுவதில்லை. தாழ்ந்த சுரங்களின் ஒலி மெலிசு, கிட்டார் கரகரவென்று முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது. 1982இல் டெஸ் கடேனா இரண்டாவது கிட்டார், டுகவ்ஸ்கி பேஸ், சக் பிஸ்கிட்ஸ் டிரம்ஸ் என்று ஐந்து பேராக இருந்தபோது செய்த டெமோ பதிவுகள் திருட்டுப் பிரதிகளாகச் சுற்றின. தலைப்புப் பாட்டு உட்பட இந்த ஆல்பத்தின் சில பாட்டுகள் அதில் உண்டு. கனம் என்ற ஒரு அளவுகோலை மட்டும் வைத்தால் டெமோ ஜெயிக்கும். ‘மை வார்’ சரியாகப் பதிவாகாத ஒரு முக்கியமான ஆல்பம். இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. உங்கள் காதுக்கு ‘ஒலி மட்டமாக இருக்கிறதே’ என்று பட்டிருந்தால் குறை உங்கள் ஸ்பீக்கரில் இல்லை.

முதல் பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், உங்களுக்கே பிடித்திருக்கிறது. ஆறு பாட்டு, ஏறக்குறைய 21 நிமிடம். தலைப்புப் பாட்டு ராலின்ஸின் சிறந்த பதிவுகளில் ஒன்று. ‘கான்ட் டிசைட்’ 5:22 நீளம், ஹார்ட்கோர் கணக்கில் அதுவே வரம்பு மீறல், ஆனால் வேகமாக இருந்ததால் யாரும் புகார் சொல்லவில்லை. ‘தி ஸ்விங்கிங் மேன்’ எனக்கு எப்போதுமே முயற்சியாகத்தான் படுகிறது, பாட்டாக அல்ல.

இரண்டாம் பக்கத்துக்கு வருவோம். மூன்று பாட்டிலும் ‘நத்திங் லெஃப்ட் இன்சைட்’ தான் பிரமாணம். மற்ற இரண்டும் அதன் வாதத்தை நீட்டிப்பவை. ‘த்ரீ நைட்ஸ்’ மூன்றில் பலவீனம். ‘நத்திங் லெஃப்ட் இன்சைட்’ பாட்டில் டிரம்ஸை மட்டும் கவனித்துக் கேளுங்கள். ஸ்டீவன்சன் டிசென்டென்ட்ஸ் பேண்டிலிருந்து வந்தவர், அசுர வேகத்துக்குப் பெயர் போன ஆள். அவரைக் கின் ஒத்திகையில் மிக மெதுவாக, ஒவ்வொரு அடியும் முழுசாக ஒலித்து முடியும்வரை பொறுத்து வாசிக்க வைத்தார். எந்த அடிக்கும் சலுகை கிடையாது, எல்லா அடிக்கும் சம இடைவெளி, சம கனம். பேண்டுக்குள் இதற்கு ‘சோஷலிஸ்ட் குரூவ்’ என்று கிண்டலாகப் பெயர். பெயர் கிண்டல், ஆனால் விவரணை துல்லியம். சாதாரண ராக் டிரம்மர் மெதுவான பாட்டில் என்ன செய்வார்? இரண்டாவது, நான்காவது அடிகளைச் சற்றுத் தூக்குவார், நடுவில் காலியாகக் கிடக்கும் இடத்தை ஃபில் (குட்டி டிரம் உருட்டல்) போட்டு அடைப்பார், உடம்பு ஆடுகிற மாதிரி ஒரு ஊஞ்சல் தருவார். இங்கே அந்த ஊஞ்சல் அறுக்கப்பட்டிருக்கிறது. அடுத்த அடி எப்போது வரும் என்பது தெரியும், ஆனாலும் அது வருவதற்குள் கேட்பவனுக்கு மூச்சு முட்டும். அந்த முட்டல்தான் பாட்டு.

‘இது மெட்டலா’ என்ற கேள்விக்கு விடையும் இங்கேதான். பிரிட்டிஷ் மெட்டல் பேண்டான பிளாக் சாபத் இல்லாமல் இந்தப் பக்கம் இல்லை, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் 1970இன் முதல் சாபத் ஆல்பத்தை எடுத்து, பில் வார்டின் டிரம்ஸைக் கேளுங்கள். அவர் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். எத்தனை மெதுவாகப் போனாலும் அடிகளுக்கு நடுவே ஒரு நெளிவு இருக்கும், ரிஃப்பில் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) ப்ளூஸ் வாசனை இருக்கும். ‘மை வார்’ சாபத்தின் வேகத்தை எடுத்துக்கொண்டு நெளிவை விட்டுவிட்டது. அந்த இடத்தில் ஹார்ட்கோரின் நேர்கோட்டு அடியை வைத்தது. வேகத்தைக் கூட்டினால் அது அப்படியே ஹார்ட்கோராகிவிடும், சாபத் ஆகாது. குரலும் அப்படித்தான். மெட்டல் பாடகர் ஒரு பாத்திரமாக நின்று பாடுவார், அவருக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு மேடை இருக்கும். ராலின்ஸுக்கு அந்த மேடை இல்லை. ‘ஸ்க்ரீம்’ பாட்டில் சில வரிகள்தான் வார்த்தைகள், மீதி அலறல். ஆகவே உடம்பு மெட்டல், நரம்பு ஹார்ட்கோர் என்று நான் பிரிப்பேன். பிற்பாடு ‘ஸ்லட்ஜ்’ என்று பெயர் வாங்கிய வகை இந்தச் சேர்க்கையின் பிள்ளை.

கின்னின் சோலோக்களைப் பற்றிப் பலரும் ‘தெரியாமல் வாசிக்கிறார்’ என்பார்கள். தவறு. அவர் நீண்ட மேடை வாசிப்புக்குப் பெயர் போன கிரேட்ஃபுல் டெட், ஜாஸ்-ராக் பேண்டான மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா இரண்டையும் விரும்பிக் கேட்ட ஆள். ஸ்கேலுக்கு வெளியே போய் விழும் சுரங்கள் வேண்டுமென்றே விழுபவை. கீழே ரிஃப் அசையாமல் நிற்பதால்தான் மேலே அவர் சறுக்குவது காதில் உறைக்கிறது. வேகமான பாட்டுகளில் இதே சோலோ சத்தத்தில் கரைந்துவிடும், இங்கே ஒவ்வொரு பிசகும் வெளிச்சத்தில் நிற்கிறது. பிடிக்காமல் போக உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் விபத்து என்று நினைத்துக்கொண்டு கேட்காதீர்கள்.

வெளிவந்தபோது வரவேற்பு மோசம். ஹார்ட்கோர் உலகத்தின் செய்தித்தாள் மாதிரி இருந்த ‘மேக்சிமம் ராக் அண்ட் ரோல்’ இதழ், ஒரு மோசமான நாளில் பிளாக் ஃபிளாகை மெட்டல் பேண்டான அயர்ன் மெய்டன் நகலெடுக்க, அந்த நகலை பிளாக் ஃபிளாக் நகலெடுத்தது போல இருக்கிறது என்ற பாணியில் கிழித்தது. பேண்ட்காரர்கள் முடி வேறு வளர்த்திருந்தார்கள். அதுவும் அந்தக் கூட்டத்தைச் சீண்டத்தான். இதை வைத்து, ‘ரசிகர்களை வெறுப்பேற்றத்தான் இரண்டாம் பக்கத்தையே செய்தார்கள்’ என்றொரு கதை உலவுகிறது. சீண்டல் இருந்தது உண்மை. ஆனால் வெறும் சீண்டலுக்காக யாரும் ஒரு டிரம்மரை உட்கார வைத்து மாதக்கணக்கில் மெதுவாக வாசிக்கப் பழக்க மாட்டார்கள். தவிர, செயின்ட் வைட்டஸ் போன்ற மெதுவான, கனமான பேண்டை அதே எஸ்.எஸ்.டி. அதே 1984இல் வெளியிட்டது. கின்னுக்கு இந்த ஒலி பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அடுத்து, தாக்கம். இதில் உறுதியானதையும் ஊதப்பட்டதையும் பிரிக்க வேண்டும். உறுதியானது: வாஷிங்டன் மாநிலத்தின் மெல்வின்ஸ். இவர்கள் 1983இல் செய்த டெமோ பதிவுகள் 2005இல் வெளியாயின. கேட்டால் சாதாரண வேகமான ஹார்ட்கோர். 1987இன் ‘குளூயி போர்ச் ட்ரீட்மென்ட்ஸ்’ ஆல்பத்துக்கு வரும்போது சேற்றில் நடக்கிறார்கள். நடுவில் என்ன நடந்தது என்பதற்கு ‘மை வார்’ ஒரு பெரிய விடை, அந்த வட்டாரக் கலைஞர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள். மெல்வின்ஸ் பின்னால் சுற்றித் திரிந்த அபெர்டீன் பையன், பின்னாளில் நிர்வாணாவின் பாடகரான கர்ட் கோபெய்ன். அவருடைய குறிப்பேடுகள் 2002இல் அச்சானபோது, அதில் நிர்வாணாவுக்குப் பிடித்த 50 ஆல்பங்கள் என்று அவர் கையால் எழுதிய பட்டியலில் ‘மை வார்’ இருந்தது. 1989இன் ‘ப்ளீச்’ ஆல்பத்தில் மெதுவாக அரைக்கும் பாட்டுகளைக் கேட்டால் ரத்த சொந்தம் தெரியும். சியாட்டில் பேண்டான மட்ஹனியின் மார்க் ஆர்மும் இந்தப் பக்கத்தின் தீவிர ரசிகர். நியூ ஆர்லியன்ஸில் 1988இல் தொடங்கிய ஐஹேட்காட் வகையறா ஸ்லட்ஜ் பேண்டுகளிடமும் சாபத்தோடு பிளாக் ஃபிளாக் கலந்திருக்கிறது.

ஊதப்பட்டது: ‘மெதுவான ஹார்ட்கோரைக் கண்டுபிடித்தது மை வார்’ என்ற வாக்கியம். அது சரியல்ல. சான் பிரான்சிஸ்கோவின் ஃபிளிப்பர் 1982இலேயே தங்கள் முதல் ஆல்பத்தில் இழுத்து, சோம்பி, கேட்பவனை வெறுப்பேற்றி வாசித்துவிட்டார்கள். மெல்வின்ஸுக்கும் நிர்வாணாவுக்கும் ஃபிளிப்பரும் மூதாதை. கோபெய்ன் தொலைக்காட்சியில் வாசித்தபோது போட்டிருந்த சட்டையில் ஃபிளிப்பர் பெயர்தான். வித்தியாசம் இதுதான்: ஃபிளிப்பரின் மெது தளர்ந்த மெது, குடிகாரன் நடை. பிளாக் ஃபிளாகின் மெது விறைத்த மெது. அதோடு, ஃபிளிப்பர் மெதுவாக வாசித்தால் ‘அவர்கள் அப்படித்தான்’ என்று உலகம் விட்டுவிடும். ஹார்ட்கோரின் தலைப்பிள்ளை அதைச் செய்தபோது, மற்ற பையன்களுக்கு அனுமதிச் சீட்டு கிடைத்த மாதிரி. அண்ணன் வீட்டிலேயே சாபத் கேட்கிறார்கள், இனி நாம் ஒளித்து வைத்துக் கேட்க வேண்டாம். ஆல்பத்தின் முக்கியத்துவம் கண்டுபிடிப்பில் இல்லை, இந்த அனுமதியில் இருக்கிறது. ‘கிரஞ்சுக்கே (நிர்வாணா, மட்ஹனி வகை சியாட்டில் இசை) தந்தை’ என்றெல்லாம் போகாதீர்கள். சியாட்டில் இசைக்கு இன்னும் நாலைந்து அப்பாக்கள் உண்டு.

கேட்கும் முறையைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். இது இசைத்தட்டுக்காகச் செய்த ஆல்பம். ‘தி ஸ்விங்கிங் மேன்’ முடிந்ததும் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும், அந்த அரை நிமிடம் ஆல்பத்தின் உறுப்பு. ஆன்லைனில் ஓடவிட்டால் ஆறாவதும் ஏழாவதும் ஒட்டிக்கொண்டு வந்து, வேகத்தடையில் மோதிய மாதிரி இருக்கும். ஆறாவது பாட்டு முடிந்ததும் நிறுத்துங்கள், ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஏழாவதைப் போடுங்கள். ஷஃபிள் வேண்டவே வேண்டாம். ஒரு வரிசையும் தருகிறேன். முதலில் ‘டேமேஜ்ட்’ ஆல்பத்தின் ‘ரைஸ் அபவ்’, உடனே அதே ஆல்பத்தின் ‘டேமேஜ்ட் 1’. பிறகு சாபத்தின் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு. பிறகு ‘நத்திங் லெஃப்ட் இன்சைட்’. கடைசியில் மெல்வின்ஸின் 1987 ஆல்பத்திலிருந்து எதையாவது. அரை மணி நேர வேலைதான். இந்த வரிசைக்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை, விட்டுவிடலாம்.

இனி உங்கள் ஒத்திகை அறை. கணக்கில் தொடங்குவோம். 200 பி.பி.எம். (நிமிடத்துக்கு 200 அடி) வேகத்தில் ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் நடுவில் 0.3 செகண்ட். 60இல் 1 செகண்ட். இருவர் சேர்ந்து அடிக்க வேண்டிய இடத்தில் ஒருவர் 5 சதவீதம் பிசகினால், வேகமான பாட்டில் அது 15 மில்லிசெகண்ட், காது மன்னித்துவிடும். மெதுவான பாட்டில் அதே 5 சதவீதம் 50 மில்லிசெகண்ட், ‘தட்’ என்று விழ வேண்டியது ‘த-தட்’ என்று இரண்டாக விழும். மெதுவாக வாசிக்கும்போது உங்கள் பேண்ட் திடீரென்று மோசமாகவில்லை, முன்பே இருந்த பிசகு இப்போதுதான் வெளியே தெரிகிறது. கர்நாடக இசையின் மெதுவான சவுக்க காலத்தில் பாடிப் பழகிய எவரிடமும் கேட்டால் இதையேதான் சொல்வார்கள்: காலம் இறங்க இறங்க, கை தானாக ஓடப் பார்க்கும்.

அதனால் ஒரு ரிஃப்பை எடுத்துக்கொள்ளுங்கள், நான்கு கார்டுக்கு மேல் வேண்டாம். முதலில் உங்களுக்குப் பழகிய 180, 200இல் வாசியுங்கள். அடுத்து 120. அடுத்து 60. மூன்றையும் செல்போனில் பதிவு செய்து, 60ஐ மெட்ரோனோமோடு பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். பெரும்பாலும் மூன்றாவது நிமிடத்துக்குள் 66, 68க்கு ஏறியிருக்கும். ஓடியது யார் என்று பாருங்கள். டிரம்மர் என்றால், வேகமான பாட்டில் குச்சி தோலில் பட்டுத் திரும்பும் துள்ளலே அடுத்த அடிக்குக் கையைக் கொண்டுபோகும். 60இல் அந்தத் துள்ளல் உதவாது, ஒவ்வொரு அடியையும் புதிதாக உயரத்திலிருந்து இறக்க வேண்டும். அவர் மனசுக்குள் அடியை இரண்டாக அல்ல, நான்காகப் பிரித்து எண்ண வேண்டும். எண்ணுவது கையில் வரக் கூடாது. ஹை-ஹேட் தாளத்தட்டில் அந்த நாலையும் தட்ட ஆரம்பித்தால் பாட்டு மறுபடி வேகமாகிவிடும், காலியிடம் அடைந்துபோகும். ஒரு வாரத்துக்கு ஃபில் முழுவதும் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்டாரிஸ்டின் பிரச்சினை வேறு. 200இல் நான்கு அடிக்கு ஒரு கார்டு பிடித்தால் அது 1.2 செகண்ட் ஒலித்தால் போதும். 60இல் 4 செகண்ட் ஒலிக்க வேண்டும். வீட்டில் பயிற்சிக்கு வைத்திருக்கும் சின்ன ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) இரண்டாவது செகண்டிலேயே கார்டு செத்துவிடும், மிச்ச நேரம் ஓட்டை. சவசவ என்று நீங்கள் சொன்னது பெரும்பாலும் இந்த ஓட்டைதான். உடனே எல்லோரும் கெய்னை (ஒலியைக் கரகரப்பாக்கும் திருகியை) ஏற்றுவார்கள், அது தப்பு. கெய்ன் ஏற ஏற நீளம் கிடைக்கும், ஆனால் கார்டு விழும் அந்த முதல் கணத்தின் குத்து மழுங்கிப்போகும். மெதுவான பாட்டில் அந்தக் குத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. கெய்னை நீங்கள் நினைப்பதைவிடக் கால்வாசி குறைத்து, வால்யூமைக் கூட்டி, ஆம்ப் பக்கம் திரும்பி நின்று தந்தி தானாக ஃபீட்பேக்கில் (ஆம்பின் சத்தமே தந்தியை அதிர வைப்பது) பிடித்துக்கொள்ளும் இடத்தைத் தேடுங்கள். ஒவ்வொரு அறையிலும் அந்த இடம் மாறும், கண்டுபிடித்ததும் தரையில் டேப் ஒட்டிவையுங்கள். கார்டை வெட்டும்போது இரண்டு கையாலும் வெட்டுங்கள். பாதி வெட்டிய கார்டின் கொசகொசப்பு வேகத்தில் மறையும், இங்கே மறையாது.

பேஸிஸ்ட் ஆம்பை விட்டு நகர்ந்து, கிக் டிரம்மைப் பார்த்து நிற்கட்டும். கின் தனி ஆளாக இரண்டையும் வாசித்ததால் இழந்தது இதைத்தான். உங்களிடம் ஆள் இருக்கும்போது அந்தக் குறையையும் சேர்த்து நகலெடுக்க வேண்டாம். பாடகர் அலறலை நான்கு செகண்ட் கார்டு முழுக்க நீட்டப் பார்ப்பார், ஒரு பாட்டிலேயே தொண்டை கட்டிவிடும். கார்டு விழுந்ததும் அரை அடி பொறுத்து, கத்தி, அடுத்த கார்டுக்கு முன்பே வாயை மூடச் சொல்லுங்கள். அந்த இடைவெளியில் அவர் மூச்சு வாங்குவது மைக்கில் விழுந்தால் விழட்டும். இத்தனைக்கும் பிறகு, நீளத்தை முதலில் 2 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2 நிமிடம் 60இலேயே நின்றால் 3, அது நின்றால் 4. ‘நத்திங் லெஃப்ட் இன்சைட்’ மாதிரி ஏழு நிமிடத்துக்குப் போக ஒரு மழைக்காலம் பிடிக்கும்.